உலக்கை ஓய்ந்த பிறகு

தமிழ்நாட்டுப் பெண்களின் தேக ஆரோக்கியத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள், இக்காலத்தில் பெருகிவரும் பருமனையும் அதன் பின்னே வரும் நீரிழிவு, ரத்தக் கொதிப்பு, மூட்டு வலி முதலிய வியாதிகளையும் எடுத்துக்காட்டி, "அந்தக் காலத்துப் பெண்கள் அம்மியிலும் ஆட்டுக்கல்லிலும் உழைத்தார்கள், நோயில்லாமல் வாழ்ந்தார்கள், இந்தக் காலத்துப் பெண்கள் சுவிட்சைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள்" என்று ஒரே மூச்சில் தீர்ப்புச் சொல்லி முடித்துவிடுவது வழக்கமாயிருக்கிறது. இந்தத் தீர்ப்பில் உண்மையும் உண்டு. அதைவிடப் பெரிய அநியாயமும் உண்டு. இரண்டையும் பிரித்தறிய வேண்டுமானால், நம் வீடுகளில் கல்லும் உலக்கையும் ஆட்சி செய்த காலத்தையும், அவை ஒன்றன்பின் ஒன்றாக ஓய்ந்த விதத்தையும், ஓய்ந்த இடத்தில் என்ன வந்து அமர்ந்தது என்பதையும் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும்.

நெல் குத்துவது தமிழ்ப் பெண்களின் மிகப் பழைய தொழில்களில் ஒன்று. கலித்தொகையின் குறிஞ்சிப் பகுதியிலும் சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக் காதையிலும் உலக்கை போடும் பெண்கள் பாடும் வள்ளைப்பாட்டு இடம்பெற்றிருப்பதைப் பார்க்கையில், கவிகளின் செவியில் நிறையும் அளவுக்கு அந்த ஒலி நாடெங்கும் கேட்டிருக்கிறது என்று கொள்ளலாம். அண்மைக் காலம் வரையில் அந்தத் தொழில் நடந்த முறையும் அதிகம் மாறிவிடவில்லை. ஊறவைத்து அவித்து வாசலில் காயவைத்த நெல்லை உரலில் இட்டு, மணிகள் சிதறாமலிருக்கக் குந்தாணியை மேலே பொருத்தி, இரண்டு பெண்கள் எதிரெதிராக நின்றுகொண்டு, ஒருத்தியின் உலக்கை இறங்கும்போது மற்றவளின் உலக்கை மேலே எழும்படி மாற்றி மாற்றிப் போடுவார்கள். வலக்கை சலித்தால் உலக்கை அந்தரத்தில் இருக்கும்போதே இடக்கைக்கு மாறிவிடும். வெளியே தெறித்த நெல்லைப் பாதம் தானாகவே உரலடிக்கு ஒதுக்கும். பூண் கட்டிய உலக்கை நெல்லில் இறங்கும் சத்தத்தோடு இருவர் மூச்சும் ஓர் ஒழுங்குக்கு வந்துவிடும். உமி நீங்கியதும் முறத்தில் அள்ளிப் புடைத்து, மறுபடியும் உரலில் இட்டுத் தீட்டி, தவிடு வேறு, குருணை வேறு, அரிசி வேறு என்று கொழித்துப் பிரிப்பதற்குள் இடுப்பும் தோளும் மணிக்கட்டும் ஓயாமல் வேலை செய்து முடித்திருக்கும்.

உலக்கையை மூலையில் சார்த்திய கை அம்மிக்குப் போகும். அம்மியிலிருந்து ஆட்டுக்கல்லுக்குப் போகும். ஒரு காலை மடக்கி மறு காலை நீட்டி ஆட்டுக்கல்லின் முன் உட்கார்ந்து, ஒரு கையால் குழவியைச் சுற்றிக்கொண்டே, குழவி கடந்து போகும் அந்தச் சிறு இடைவெளியில் மறு கையால் மாவைக் குழிக்குள் தள்ளிவிட வேண்டும். தாமதித்தால் விரல் நசுங்கும். உளுந்து பொங்கி வரும்வரை ஆட்டி வழித்தபின் அரிசி காத்திருக்கும். இவற்றோடு கிணற்றடியில் தாம்புக்கயிறு, இடுப்பில் குடம், விறகுக் கட்டு, சாணம் மெழுகிய தரை, துவைகல் என்று சேர்த்துக் கணக்கிட்டால், வயல் வேலைக்குப் போகாத வீட்டுப் பெண்ணின் தேகமும் கூலியாளின் தேகத்துக்குச் சற்றும் குறையாமல் பாடுபட்டிருக்கிறது என்பது விளங்கும். உடல் செலவிடும் சக்தியைக் கணக்கிட்ட சர்வதேச நிபுணர் குழுக்கள், தானியம் குத்துவதும் கல்லில் அரைப்பதும், சும்மா இருக்கும் உடலுக்கு வேண்டிய சக்தியைப்போல் ஏறத்தாழ நான்கைந்து மடங்கைக் கேட்பவை என்று அட்டவணையிட்டிருக்கின்றன. இக்காலத்து வைத்தியர் தம்மிடம் வரும் பெண்ணுக்கு விதிக்கின்ற வேக நடையைவிட இது எவ்வகையிலும் குறைந்த உழைப்பு அன்று.

இவ்வளவும் உண்மையாயிருக்க, அந்தக் காலத்தை ஆரோக்கியத்தின் பொற்காலமாகக் கொண்டாட என் மனம் ஒப்பவில்லை. பிள்ளை பெற்ற உடம்பு தேறுமுன்பே உலக்கையையும் குடத்தையும் தூக்க நேர்ந்த பெண்களுக்குக் கருப்பை கீழே இறங்கி, "அடி இறங்கிவிட்டது" என்று தமக்குள் மட்டும் மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டு, வைத்தியரிடம் காட்டக் கூசி, ஆயுள் முழுவதும் அந்த வேதனையைச் சுமந்து திரிந்தவர்கள் எத்தனையோ பேர். ஆட்டுக்கல் ஆட்டினால் பிரசவம் சுகமாக ஆகும் என்று கர்ப்பிணிகளை அதன் முன் உட்காரவைத்த வீடுகளில், அவர்களுக்கு வயிறாரச் சோறு போட்ட வீடுகள் எத்தனை என்று கேட்க வேண்டியிருக்கிறது. மேலும், நாடு சுதந்திரம் அடைந்த காலத்தில் இந்தியரின் சராசரி ஆயுள் ஏறத்தாழ 32 ஆண்டுகளாகவே இருந்தது. சிசு மரணமே அந்தச் சராசரியைப் பெரிதும் தாழ்த்தியது என்றாலும், ஐம்பது அறுபது வயதில் தலைகாட்டும் மாரடைப்பையும் மூட்டுத் தேய்வையும் காணும்வரை உயிரோடிருந்தவர்கள் இன்றைக்கு இருப்பதைப்போல் இத்தனை பேர் இல்லை. நோயில்லாமல் வாழ்ந்தார்கள் என்று நாம் சொல்வதில், நோய் வருமுன்பே மறைந்தவர்களும் அடங்கியிருக்கிறார்கள்.

கல்லும் உலக்கையும் ஒரே நாளில் போய்விடவில்லை. முதலில் ஓய்ந்தது உலக்கை. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் காவிரி, கிருஷ்ணா, கோதாவரிப் படுகைகளில் நெல் அரைக்கும் இயந்திரங்கள் பரவத் தொடங்கின. எண்ணெய் இன்ஜினாலும் பிறகு மின்சாரத்தாலும் ஓடிய சிறு ஆலைகள், இரண்டு பெண்கள் ஒரு பகற்பொழுது முழுவதும் குத்தும் நெல்லைச் சில நிமிஷங்களில் வெண்மையான அரிசியாக்கிக் கொடுத்தன. கூலிக்கு நெல் குத்தி, கூலியோடு தவிடும் குருணையும் வீட்டுக்குக் கொண்டுபோன ஏழைப் பெண்களின் ஜீவனம் அதனால் போயிற்று என்பது ஒரு புறம். சோற்றின் குணமே மாறியது என்பது மற்றொரு புறம். தேக ஆரோக்கிய சரித்திரத்தில் இந்த இரண்டாவது மாறுதல் மிகப் பெரியது.

குன்னூரில் 1918-ஆம் ஆண்டில் சிறிய ஆராய்ச்சிப் பிரிவாகத் தோன்றிய நிலையம், பின்னாளில் இந்தியாவின் போஷாக்கு ஆராய்ச்சிக்கே தாய்வீடாயிற்று. அது தோன்றியதே பெரிபெரி என்னும் நோயை விசாரிப்பதற்காகத்தான். ஆலையில் தீட்டிய பச்சரிசியை உண்ட வட சர்க்கார் ஜில்லாக்களில் அந்நோய் இருந்தது. புழுங்கல் அரிசி உண்ட தமிழ் ஜில்லாக்களில் அவ்வளவாக இல்லை. நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள தயமின் என்னும் சத்து அரிசிக்குள் இறங்கிவிடுவதால், தீட்டிய பிறகும் அது ஓரளவு எஞ்சி நின்று நம் மக்களைக் காத்தது. அந்நிலையத்தை நடத்திய ராபர்ட் மெக்காரிசன், இந்தியாவின் பல பிரதேச மக்கள் உண்ணும் உணவைத் தனித்தனி எலிக் கூட்டங்களுக்குக் கொடுத்து வளர்த்து, கோதுமையும் பாலும் காய்கறியும் உண்ணும் சீக்கியரின் ஆகாரத்தில் வளர்ந்தவை கொழுகொழுவென்றும், சென்னை ராஜதானியின் ஆகாரத்தில் வளர்ந்தவை எல்லாவற்றிலும் சோனியாகவும் இருந்ததைக் காட்டினார். அந்த நாளில் விஞ்ஞானிகளைக் கவலைக்குள்ளாக்கியது எடைக் குறைவு. நிறை கூடுவது நல்ல அடையாளமென்று ஆராய்ச்சிசாலையும் கருதியது. மெலிந்த மருமகளை ஊரார் குறைசொல்வதற்கு அஞ்சிய மாமியாரும் அப்படியே கருதினாள்.

ஆலை அரிசியை எதிர்த்து அக்காலத்தில் எழுந்த குரல்களில் தலையானது ஜே. சி. குமரப்பாவினுடையது. தஞ்சாவூரில் பிறந்து, அமெரிக்காவில் பொருளாதாரம் கற்று, காந்தியடிகளின் பக்கம் வந்து சேர்ந்த அந்த அறிஞர், 1934-ஆம் ஆண்டின் இறுதியில் வார்தாவில் அமைந்த அகில இந்திய கிராமத் தொழிற் சங்கத்தை நடத்தி, கைக்குத்தல் அரிசியையும் செக்கு எண்ணெயையும் வெல்லத்தையும் கிராமத்தின் ஜீவநாடிகளாகப் போற்றினார். தமது கடைசிக் காலத்தை மதுரை ஜில்லாவில் தே. கல்லுப்பட்டியில் கழித்தார். தவிட்டை நீக்குவது சத்தை நீக்குவது என்றும், ஆலை பறித்துக்கொள்வது ஏழைப் பெண்ணின் கூலியை என்றும் அவர் வாதித்ததில் இன்றும் மறுப்பதற்கு ஒன்றுமில்லை. 1958-ஆம் ஆண்டின் அரிசி ஆலைத் தொழில் ஒழுங்குமுறைச் சட்டமும், புதிய ஆலைகளுக்கு உரிமம் வழங்குமுன் கைக்குத்தல் தொழிலின் நிலையைக் கருத வேண்டுமென்ற எண்ணத்தைத் தாங்கியே பிறந்தது. ஆயினும் சட்டத்தால் உலக்கையைக் காப்பாற்ற முடியவில்லை. ஏனென்றால், உலக்கை பிடித்த பெண்களே அதைக் கீழே வைக்க ஆசைப்பட்டார்கள். தவிட்டின் சத்தைப் பற்றி நடந்த அவ்வளவு பெரிய விவாதத்தில், குத்தும் தோளின் நோவுக்கு உரிய இடம் கிடைக்கவில்லை என்றே நான் நினைக்கிறேன். கிடைத்திருந்தால், ஆலையை எதிர்ப்பதற்குப் பதிலாகத் தவிட்டை அதிகம் உரிக்காத ஆலையைக் கேட்டுப் போராடியிருப்போம்.

இரண்டாவதாக ஓய்ந்தது ஆட்டுக்கல். அதன் கதை கோயமுத்தூரில் நடந்தது. பைக்காரா நீர்மின் நிலையம் 1932-இல் இயங்கத் தொடங்கி மலிவான மின்சாரம் இறங்கி வந்ததும், பஞ்சாலைகளும் வார்ப்படப் பட்டறைகளும் நிறைந்த அந்த ஊரில் 1937-இல் பீளமேட்டில் ஜி. டி. நாயுடு, டி. பாலசுந்தரம் நாயுடு ஆகியோரின் முயற்சியால் மின்சார மோட்டார் செய்யப்பட்டது. மோட்டாரும் பம்பும் செய்யக் கற்ற கைகள், அருகில் ஊத்துக்குளிப் பக்கத்தில் கிடைக்கும் உறுதியான கருங்கல்லோடு மோட்டாரைச் சேர்த்துப் பார்க்க அதிக காலம் ஆகவில்லை. 1955-ஆம் ஆண்டில் பி. சபாபதி என்பவர் மாவாட்டும் இயந்திரத்தை அங்கே உருவாக்கினார். பழைய ஆட்டுக்கல்லில் கல் அசையாமல் நிற்க, குழவி சுற்றும். புதிய இயந்திரத்தில் குழவி ஓரிடத்தில் நிற்க, கல் சுற்றிற்று. இந்தச் சிறு மாற்றத்துக்குள் ஒரு பெரிய விடுதலை அடங்கியிருந்தது. முதலில் ஹோட்டல்களில் நுழைந்த கிரைண்டர், பிறகு தெருவுக்கு ஒன்றாக மாவரைத்துக் கொடுக்கும் கடைகளிலும், பிறகு வசதியுள்ள வீடுகளிலும் இடம் பிடித்தது. அறுபதுகளில் இந்தியச் சமையலுக்கென்றே செய்யப்பட்ட மிக்ஸி வந்து, அம்மியையும் கொல்லைப்புறத்துக்கு அனுப்பியது. "அம்மி கொத்தலையோ, ஆட்டுக்கல் கொத்தலையோ" என்று உளியும் சுத்தியலுமாகத் தெருத்தெருவாய்க் கூவி வந்த கல் தச்சரின் குரலும் அதன் பின்னே தேய்ந்து மறைந்தது. இன்று பல வீடுகளில் அம்மியைத் தேடுவது கல்யாணத்தன்று மணமகள் மிதிப்பதற்காக மட்டுமே.

ஏழையின் வீட்டுக்கு இந்த விடுதலை வந்து சேர ஏறத்தாழ அரை நூற்றாண்டு பிடித்தது. 2011-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் முதலமைச்சர் ஜெயலலிதா தொடங்கிவைத்த திட்டத்தில் மிக்ஸியும் கிரைண்டரும் மின்விசிறியும் இலவசமாகக் குடும்ப அட்டைகளுக்கு வழங்கப்பட்டன. அதே ஆண்டு ஜூன் முதல் நியாய விலைக் கடைகளில் அரிசியும் விலையின்றிக் கிடைத்தது. இவ்விரண்டையும் ஏளனமாகப் பேசியவர்களை நான் கேட்டிருக்கிறேன். அவர்களில் எவரும் ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு மாவு ஆட்டியவர்களாக எனக்குத் தோன்றவில்லை. வயலிலும் செங்கற்சூளையிலும் பாடுபட்டுத் திரும்பிய பெண் மறுபடி கல்லின் முன் உட்காராமலிருக்க வழிசெய்தது தர்மமான காரியம். ஆனால், அதன் தேகக் கணக்கு வேறொரு பக்கம் எழுதப்பட்டுக்கொண்டே வந்தது.

அந்தக் கணக்கில் வரவும் செலவும் ஒரே இயந்திரத்தால் மாறின என்பது கவனிக்கத்தக்கது. ஆட்டுக்கல் இருந்தவரை இட்லியும் தோசையும் பெரும்பாலான கிராமத்து வீடுகளில் தீபாவளிக்கோ விருந்தாளி வந்த நாளுக்கோ உரிய பண்டங்கள். மற்ற நாட்களில் கேழ்வரகுக் கூழும் கம்பஞ்சோறும் பழையதுமே ஆகாரம். ஆட்டும் சிரமமே அந்தப் பண்டத்துக்கு ஒரு வரம்பாக இருந்தது. சிரமம் நீங்கியதும் வரம்பும் நீங்கிற்று. மாவு தினந்தோறும் பொங்கியது. குளிர்பதனப் பெட்டி வந்தபின் மூன்று வேளையும் அரிசியே ஆயிற்று. அந்த அரிசியும் தவிட்டின் சுவடே தெரியாதபடி தீட்டப்பட்ட வெள்ளை அரிசி. சென்னையில் நடந்த ஊரக-நகர்ப்புற நோய்ப் பரவல் ஆய்வு, நகரவாசிகள் பெறும் கலோரிகளில் ஏறத்தாழ பாதி தீட்டிய தானியத்திலிருந்தே வருகிறதென்றும், அதை மிகுதியாக உண்பவர்களுக்கு நீரிழிவு அதிகமென்றும் கண்டது. உழைப்பு குறைந்தது, உழைத்த காலத்துத் தட்டு மட்டும் அப்படியே இருந்தது, பல வீடுகளில் முன்னிலும் நிறைந்தது.

விளைவு மெள்ள மெள்ளத் தெரிந்தது. டாக்டர் எம். விசுவநாதன் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் 1948-இல் நீரிழிவுக்கென்று தனிச் சிகிச்சைப் பிரிவு தொடங்கியபோது, அது நாட்டுக்கே புதுமை. நீரிழிவு வசதி படைத்தோரின் வியாதி என்பது அன்றைய பொது அபிப்பிராயம். அதே சென்னையில் வயது வந்தோரிடையே 1989-இல் நூற்றுக்கு 8.3 ஆக இருந்த நீரிழிவு, 1995-இல் 11.6, 2000-இல் 13.5, 2004-இல் 14.3 என்று ஏறியது. தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் உடல் நிறைக் குறியீடு 25-ஐ எட்டியோ கடந்தோ இருந்த தமிழ்நாட்டுப் பெண்கள், 15 முதல் 49 வயதுக்குட்பட்டோரில், 2015-16-இல் நூற்றுக்கு 30.9, 2019-21-இல் 40.4. ஆண்களின் எண்ணிக்கை அதே காலத்தில் 28.2-இலிருந்து 37 ஆயிற்று. இந்தியா முழுவதற்குமான பெண்களின் சராசரி 24 என்பதோடு ஒப்பிட்டால் நம் நிலையின் தீவிரம் புலப்படும். இதே ஆய்வு தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் ரத்தசோகை உடையவர்கள் என்றும் சொல்கிறது. பருத்த உடலும் வெளிறிய கண்ணிமையும் ஒரே பெண்ணிடம் காணப்படும்போது, அவள் சாப்பாட்டில் மாவு மிகுந்து பருப்பும் கீரையும் பாலும் குறைந்திருக்கின்றன என்று கொள்வதே நியாயம். "நன்றாகத்தானே சாப்பிடுகிறாள்" என்று சொல்லிவிட முடியாது.

உழைப்புக்கும் இருதயத்துக்கும் உள்ள தொடர்பை உலகுக்கு எடுத்துக்காட்டிய முதல் பெரிய ஆராய்ச்சி லண்டன் பஸ்களில் நடந்தது. ஜெரமி மாரிஸ் என்ற வைத்தியர் 1953-இல் வெளியிட்ட முடிவில், நாள் முழுவதும் உட்கார்ந்திருந்த டிரைவர்களைவிட, மாடிப் பஸ்ஸின் படிகளில் ஏறியிறங்கி டிக்கெட் கொடுத்த கண்டக்டர்களுக்கு இருதய நோய் குறைவென்று கண்டார்; சில ஆண்டுகளுக்குப்பின் அவர்களுடைய சீருடை அளவுகளைப் பார்த்து, டிரைவர்களின் இடுப்புச் சுற்றளவு அதிகமென்பதையும் காட்டினார். அந்த ஆராய்ச்சியில் இடம்பெற்றவர்கள் ஆண்கள். உரலடியில் நின்றவர்களின் ரத்தத்தையும் இடுப்பையும் அளந்து வைக்க அந்த நாளில் ஒருவருக்கும் தோன்றவில்லை. பெண்களின் இடுப்பைத் தக்கபடி அளந்தவர்கள் ஸ்வீடன் தேசத்துக் கோத்தன்பர்க் நகரத்தார். 1968-69-இல் 1462 பெண்களைப் பரிசோதித்துப் பன்னிரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 1984-இல் அவர்கள் வெளியிட்ட செய்தி, மொத்த எடையைவிட இடுப்புக்கும் புட்டத்துக்கும் உள்ள சுற்றளவு விகிதமே மாரடைப்பை நன்கு முன்னறிவிக்கிறது என்பது. மார்செய் நகரத்து வைத்தியர் ழான் வாக், தொடையில் தங்கும் கொழுப்பைவிட வயிற்றில் தங்கும் கொழுப்பே கெடுதி செய்வதென்று 1947-லேயே எழுதியதை அது மெய்ப்பித்தது.

நமக்கு இது இன்னும் நெருக்கமான விஷயம். புனேயின் டாக்டர் சித்தரஞ்சன் யாக்னிக்கும் அவருடைய ஆங்கில நண்பர் ஜான் யட்கினும் அருகருகே நின்ற படமொன்று 2004-இல் லான்செட் பத்திரிகையில் வெளிவந்தது. இருவருக்கும் உடல் நிறைக் குறியீடு 22.3 தான், ஆனால் ஆங்கிலேயரின் உடலில் கொழுப்பு நூற்றுக்கு 9.1, இந்தியருடையதில் 21.2. நம்மவரின் சதை குறைவாகவும் கொழுப்பு மிகுதியாகவும் இருப்பதால், மேனாட்டாருக்கு 25-இல் தொடங்கும் எச்சரிக்கை நமக்கு 23-லேயே தொடங்க வேண்டுமென்றும், பெண்ணின் இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டரைத் தாண்டலாகாதென்றும் வைத்தியர்கள் வரையறுத்திருக்கிறார்கள். உழைப்பு நின்றதும் முதலில் கரைவது தசை. உண்ட சர்க்கரையைப் பெருமளவில் வாங்கிச் செலவிடும் இடமும் தசைதான். உலக்கை போட்ட தோளும் புஜமும் மெலிய, அங்கே செலவாகாதது வயிற்றைச் சுற்றித் தங்குகிறது.

பெண்ணுக்கு இதனால் நேரும் துன்பங்கள் ஆணுக்கு நேர்பவற்றிலும் அதிகம். இதை வீட்டார் உணர்வதில்லை என்பதே என் பெரிய வருத்தம். உடற்கொழுப்பு வெறுமனே தூங்கும் சேமிப்பு அன்று. அது ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண்மைச் சுரப்பையும் உண்டாக்குகிறது. மாதவிலக்கு நின்றபின் சூலகம் ஓய்ந்துவிட்ட உடலில், பருத்த பெண்ணின் கொழுப்பு அந்தச் சுரப்பைத் தொடர்ந்து கொடுத்துக்கொண்டே இருக்க, அதைச் சமன்செய்யும் மற்றொரு சுரப்பு இல்லாத நிலையில் கருப்பையின் உட்சவ்வு தடித்துக்கொண்டே போகிறது. புற்றுநோய்களில் பருமனோடு மிக நெருங்கிய தொடர்புடையது கருப்பை உட்சவ்வுப் புற்று என்பதற்கு இதுவே காரணம். தீட்டு நின்று ஆண்டுகள் கழிந்தபின் மறுபடி ஒரு சொட்டு ரத்தம் கண்டால், "வயசான காலத்தில் சூடு" என்று வெந்தயத்தை ஊறவைத்துக் குடித்துக்கொண்டு காத்திருக்காமல், உடனே வைத்தியரிடம் போக வேண்டும். மாதவிலக்கு நின்ற பிறகு தோன்றும் மார்பகப் புற்றுக்கும் பருமன் ஒரு காரணம். இளம்பெண்களுக்கு மாதவிலக்கு தவறுவதும், சூலகத்தில் நீர்க்கட்டி என்று சொல்லப்படுவதும், பிள்ளைப்பேறு தாமதிப்பதும் எடையேற ஏறக் கடுமையாகின்றன. அவற்றுக்காக அவர்கள் கேட்கும் ஏச்சோ மருந்தைவிடக் கசப்பானது. முழங்கால் தேய்ந்து, கழிப்பறையில் குந்த முடியாமல், கோயில் படி ஏற முடியாமல் இருப்பவர்களை ஒவ்வொரு தெருவிலும் காணலாம்.

கர்ப்ப காலத்து நீரிழிவு இவற்றுள் தனித்துச் சொல்லத்தக்கது. சென்னையின் டாக்டர் வி. சேஷையா தமிழ்நாட்டில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளைப் பரிசோதித்து, நகரத்தில் நூற்றுக்கு 17.8 பேருக்கும், நகரை ஒட்டிய ஊர்களில் 13.8 பேருக்கும், கிராமத்தில் 9.9 பேருக்கும் அந்நோய் இருப்பதைக் கண்டறிந்தார். கிராமத்திலிருந்து நகரத்துக்கு வரும் வழியில் படிப்படியாக ஏறும் இந்த மூன்று எண்களில், உலக்கையும் குடமும் வயல் வரப்பும் ஒவ்வொன்றாக விலகிய சரித்திரத்தையே நான் படிக்கிறேன். பிரசவத்தோடு அந்தச் சர்க்கரை பெரும்பாலும் மறைந்துவிடும். ஆனால் பின்னாளில் தாய்க்கும், வளர்ந்தபின் குழந்தைக்கும் நீரிழிவு வரும் அபாயம் மறையாது. பிரசவமான பெண்ணை நெய்யும் லேகியமுமாகப் போஷித்து, நடமாடவிடாமல் உட்காரவைத்து, "பூசினாற்போல் இருக்கிறாள்" என்று மகிழ்ந்த பழைய அன்பு, பட்டினி கிடந்த தலைமுறைக்கு ஏற்ற அன்பு. ரத்தத்தில் சர்க்கரை கண்டு தேறிய மகளுக்கு அது ஏற்றதன்று. ஆறு வாரம் கழித்து மறுபடி ரத்தத்தைச் சோதித்து, ஆண்டுதோறும் சோதித்துவர அவளை அழைத்துப் போவதே அவளுக்குச் செய்யவேண்டிய சீராட்டு.

கல் கொடுத்த நேரம் எங்கே போயிற்று என்று கேட்டால், அதைப் பெண் தனக்கென்று பெறவில்லை என்பதே விடை. கூலி வேலையிலும் அலுவலகத்திலும், பிள்ளைகளின் படிப்பிலும், கடைசியாகச் சாப்பிட உட்கார்ந்து மீந்ததை வீணாக்காமல் தின்று முடிக்கும் கடமையிலும், அதன்பின் தொலைக்காட்சியின் முன் கிடைக்கும் சொற்ப ஓய்விலும் அது கரைந்தது. மைதானங்களில் பையன்கள் கிரிக்கெட் ஆடுகிறார்கள். டீக்கடையின் முன் ஆண்கள் நிற்கிறார்கள். மாலை ஆறு மணிக்குமேல் ஒரு குடும்ப ஸ்திரீ காரணமில்லாமல் தெருவில் நடந்தால் "எங்கே இந்த நேரத்தில்" என்று கேட்காத ஊர் குறைவு. உழைப்பதற்குக் காரணம் கேட்காத சமூகம் நடப்பதற்குக் காரணம் கேட்கும்போது, பருமனை அவளுடைய சோம்பலென்று சொல்வது எவ்வளவு பொருந்தாத பேச்சு!

இடமும் நேரமும் கிடைத்தால் நடப்பது என்ன என்பதற்குச் சென்னையிலேயே ஓர் அத்தாட்சி உண்டு. திருமங்கலத்திலுள்ள ஆசியாட் காலனியில் 1996-97-இல் ஆராய்ச்சியாளர்கள் வீடு வீடாகச் சென்று நீரிழிவையும் இருதய நோயையும் கணக்கெடுத்து, அதன் முடிவுகளை அங்கே வசிப்பவர்களுக்கே எடுத்துச் சொன்னார்கள். சொல்லக் கேட்ட காலனிவாசிகள் தாங்களே பணம் திரட்டி ஒரு பூங்காவை அமைத்துக்கொண்டார்கள். தொடக்கத்தில் வாரத்துக்கு மூன்று முறைக்குமேல் உடற்பயிற்சி செய்தவர்கள் நூற்றுக்கு 14.2 பேர், ஏழாண்டு கழித்துப் பார்த்தபோது 58.7 பேர். மருந்துச் சீட்டு எதுவும் எழுதாமல், ஒரு நடைபாதையைக் கட்டியதால் நடந்த மாறுதல் இது. இப்படிப்பட்ட நடைபாதை வார்டுக்கு ஒன்று வேண்டும். அதில் இரவு எட்டு மணி வரை விளக்கு எரிய வேண்டும். பெண்களுக்குப் பூட்டப்படாத ஒரு கழிப்பறை வேண்டும். அந்த ஒரு மணி நேரம் வீட்டில் சோற்றை வடிக்கவும் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளவும் வேறொரு கை முன்வர வேண்டும். இவை கிடைக்குமானால், செருப்பை மாட்டிக்கொண்டு இன்று மாலையே புறப்படத் தயாராயிருக்கும் பெண்கள் நம் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள்.